லிஃப்டக்கா போட்ட பிரசவத் திட்டம்

லிஃப்டக்காவுக்கு எதையும் திறந்து பார்க்காவிட்டால் கை சும்மா இருக்காது. இஸ்திரிப் பெட்டி, சுவர்க்கடிகாரம், மகளின் பேசும் பொம்மை என்று அந்த வீட்டில் உள்ள சாமான் எல்லாம் ஒரு முறையாவது சாப்பாட்டு மேசையில் வயிற்றைத் திறந்துகொண்டு படுத்தவைதான். கெட்டுப்போனதால் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதையே, "இது எப்படித்தான் ஓடுதுன்னு பார்ப்போமே" என்று கழற்றிவிடுவாள். திரும்ப மாட்டும்போது ஒரு திருகுகூட மிச்சமாகாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிழைப்பும் அதுதான். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, பதினோரு வருஷமாக. காவலாளியிலிருந்து மேனேஜர் வரைக்கும் அவளுக்கு லிஃப்டக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்களிடம், "இதுவா, அதுவா, எது தெளிவாத் தெரியுது?" என்று நாள் முழுக்கக் கேட்பதிலேயே மனுஷருக்குப் பேச்சு தீர்ந்துவிடும் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் ம், ம்ஹூம், சரிம்மா. இந்த மூன்றுக்கு மேல் நாலாவது வார்த்தை வாங்குவது குதிரைக்கொம்பு. கல்லுளிமங்கன் என்பார்களே, அந்த ரகம். ஆனால் நல்ல மனுஷர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

லிஃப்டக்காவின் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஓடுவார்கள். இவள் ஓட மாட்டாள். முதலில் லிஃப்ட் நிற்கிற மாடிக்குப் போய்க் கதவைத் தட்டுவாள். "நான் இங்கதான் இருக்கேன். லிஃப்ட் ரிப்பேர் பண்றவ. இப்ப கரண்டை நிறுத்தப் போறேன், லைட் போயிடும். அப்புறம் டொக்குன்னு ஒரு சத்தம் வரும், அது பிரேக்கைக் கையால விடுற சத்தம். கேபின் மெதுவா இறங்கும். அது விழறது இல்ல, நான்தான் இறக்கறேன். பயப்படாதீங்க." இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் படியேறுவாள். மெஷின் ரூமிலிருந்தும் இன்டர்காமில் விடாமல் பேசிக்கொண்டே இருப்பாள். "எங்க ரேடியோ ஸ்டேஷன் ஆரம்பிச்சிடுச்சுப்பா" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. உள்ளே இருக்கிறவருக்கு இருட்டைவிடப் பெரிய பயம், வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாததுதான் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவளும் ஒரு தடவை கோட்டை விட்டாள். பத்து மாடி ஆபீஸ் ஒன்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட், கரண்ட் போய் இரண்டும் நின்றுவிட்டன. இடது பக்க லிஃப்டில் மூன்று பெண்கள். கட்டடமே கிடுகிடுக்கக் கத்துகிறார்கள். வலது பக்கக் கதவைத் தட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை. சரி, காலி என்று விட்டுவிட்டு இடது பக்கத்திலேயே பேசிக்கொண்டு, ஆட்களை இறக்கி, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, அப்புறம் ஆற அமர வலது பக்கத்தைத் திறந்தால், மூலையில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார்! ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறார், மடியில் பை, சட்டையெல்லாம் தெப்பலாக நனைந்து போயிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல்.

"ஏன் சார், ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?" என்று பதறினாள்.

"அந்தப் பக்கம் நீங்க பேசிட்டிருந்தீங்களேம்மா. குறுக்கே எதுக்குன்னு இருந்துட்டேன்" என்றாராம் அவர். இப்படியும் ஒரு பிறவி! லிஃப்டக்கா அன்றைக்கு மெஷின் ரூம் நோட்டில் தன் கையால் எழுதி வைத்தாள்: சத்தம் வராததால் காலி என்று நினைத்தேன். என் தவறு. அந்தத் தாள் இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவளுடைய முதல் பிரசவத்துக்காக. இப்போது நாலு வயசாகி, வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கும் வாலுப்பெண் பிறந்த கதை. இருபத்தாறு மணி நேரம் வலி. கடைசியில் உறிஞ்சு கருவி போட்டு இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. திடீரென்று அறைக்குள் பத்துப் பேர் புகுந்தார்கள். யாரோ "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்கள். படுக்கை ஓடியது. கூரையில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. முகத்தில் ஒரு மாஸ்க் வந்து அமுங்கியது. அவ்வளவுதான். கண் விழித்தபோது வயிற்றில் தையல், பக்கத்தில் துணி சுற்றிய குழந்தை.

குழந்தை நன்றாக இருந்தது, தாயும் பிழைத்தாள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கோ அது தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. "லிஃப்டுல மாட்டின ஆள்கிட்ட நான் பேசற பேச்சுல பத்துல ஒரு பங்கு என்கிட்ட யாராவது பேசினாங்களா? என் பொண்ணோட முதல் அழுகை, நான் அங்கேயே படுத்திருந்தும் என் காதுல விழலையே" என்பாள். சொல்லும்போதே கண் கலங்கிவிடும். நாலு வருஷத்தில் புருஷன் கண்ணாடிக்காரரிடம் நானூறு தடவையாவது கேட்டிருப்பாள். "நான் மயங்கினப்புறம் என்னங்க நடந்துச்சு? நீங்க வெளியதானே இருந்தீங்க? அவ அழுதது கேட்டுச்சா?"

"மறந்துபோச்சும்மா" என்பார் அவர். போட்டு வாங்கிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், கொஞ்சியும் பார்த்தாள். மறந்துபோச்சும்மா. அதுவே பாட்டு.

இந்த நிலையில்தான் இரண்டாவது உண்டானது. அதே ஆஸ்பத்திரிதான், ஆனால் டாக்டரம்மா புதுசு. ஆறாம் மாசம் முதல் கேள்வியே, "என் பழைய ஃபைலை நான் படிக்கலாமா டாக்டர்?" என்பதுதான். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி அவளைப் பார்த்தார். "படிக்கலாமே. உங்களோடதுதானே. சேர்ந்தே படிப்போம்" என்றார். இந்த ஒரு வார்த்தையில் லிஃப்டக்கா விழுந்துவிட்டாள்.

ஃபைலில் எல்லாம் மணி போட்டு எழுதியிருந்தது. சாயங்காலம் 6.58, கருவியால் முயற்சி. 7.15, குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது. 7.19, அறுவை என்று முடிவு, ரத்தத்துக்கும் சொல்லி அனுப்பியது. 7.27, முழு மயக்கம். 7.31, பெண் குழந்தை, உடனே அழுதது. 7.40, தாய்க்கு ரத்தப்போக்கு. இரண்டு பை ரத்தம். 8.15, தையல் முடிந்தது. 8.20, உறவினருக்குத் தகவல்.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. நாலு வருஷம் இருட்டாகக் கிடந்த இடத்தில் யாரோ டார்ச் அடித்த மாதிரி. உடனே அழுதது என்ற வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பையிலிருந்து தன் சின்ன நோட்டை எடுத்து 6.58 தொடங்கி 8.15 வரைக்கும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள். கடைசி வரியை எழுதவில்லை. அது இவளைப் பற்றிய வரி இல்லையே! ஃபைலை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இந்தத் தடவை என்ன பண்ணலாம் டாக்டர்?"

டாக்டரம்மா அவசரப்படவில்லை. இரண்டு வழியையும் விரித்து வைத்தார். ஒரு தடவை வயிற்றைத் திறந்து பெற்றவர்கள் அடுத்ததைச் சாதாரணமாகப் பெற்றுக்கொள்ள முயன்றால் நூற்றில் எழுபது பேருக்கு மேல் நடக்கும். நடந்தால் உடம்பு சீக்கிரம் தேறும். ஆனால் வலியின்போது பழைய தையல் விட்டுக்கொள்கிற ஆபத்து கொஞ்சமே கொஞ்சம் உண்டு; பாதியில் மறுபடி அவசர அறுவை என்றாகவும் கூடும். இல்லாவிட்டால் முப்பத்தொன்பதாம் வாரத்தில் ஒரு நாள் குறித்து அறுவை. அதுவும் சும்மா ஒன்றும் இல்லை. ரத்தப்போக்கு, சீழ், ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது, மூன்றாவது வேண்டுமென்றால் அது இன்னும் சிக்கல். லிஃப்டக்கா நாலு முறை வந்து, ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் நிறையக் கேள்வி கொண்டுவந்தாள். தையல் எத்தனை அடுக்கு? நூல் எங்கே போகும்? முன்னாடியே எடுத்தால் குழந்தைக்கு மூச்சு எப்படி? அதற்காகத்தான் முப்பத்தொன்பது வாரம் காத்திருக்கிறோம் என்றார் டாக்டரம்மா. முதுகில் போடுகிற ஊசி ஏன் மூளையைத் தூங்க வைக்காது? டாக்டரம்மாவே ஒரு நாள், "இதை நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்மா" என்று சரணடைந்தார்.

கடைசியில் நாள் குறிக்கச் சொன்னாள். "எனக்குக் கத்தி பயம் இல்ல டாக்டர். அந்த மாஸ்க்தான் பயம். முழிச்சிருக்கணும். என்ன நடக்குதுன்னு யாராவது எனக்குச் சொல்லிட்டே இருக்கணும். குழந்தை அழுதா என் காதுல விழணும். வேற ஒண்ணும் கேக்கலை."

"முழிச்சிருக்க வைக்கத்தான் பார்ப்போம். முதுகு ஊசி சில பேருக்குச் சரியாப் பிடிக்காது. அப்ப வேற வழியில்லாம மாஸ்க் போடவேண்டி வரலாம். அதை இப்பவே சொல்லிடறேன்" என்றார் டாக்டரம்மா. நல்லவேளை, சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தை அவளை விடவில்லை.

நாத்தனாருக்குச் சேதி போயிற்று. போன் வந்தது. "ஏம்மா, நாளெல்லாம் குறிச்சாச்சாமே. கொஞ்சம்கூட வலிக்காம பெத்துக்கலாம்னு பாக்கறியா?"

"வயித்தை வெட்டி எடுக்கறதுக்குப் பேரு வலிக்காம பெத்துக்கறதா அண்ணி? அப்படின்னா உங்க தம்பியைப் படுக்கச் சொல்றேன், வந்து பாருங்க" என்றாள். அதற்கப்புறம் நாத்தனார் பேச்சை மாற்றி வாலு சாப்பிடுகிறாளா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

இனிமேல்தான் திட்டம். பெரிய பழுதுக்கு லிஃப்டை நிறுத்தும்போது அவர்கள் ஒரு தாள் எழுதுவார்கள். நாலு கட்டம்: வேலை, யார் செய்வது, எப்போது, இது நடக்காவிட்டால்? இந்த நாலாவது கட்டம்தான் லிஃப்டக்காவின் உயிர். அதே மாதிரி தாளில் பிரசவத்தை எழுதினாள். குறித்த நாளுக்கு முன்னாலேயே வலி வந்தால் யார் வண்டி ஓட்டுவது, வாலு யாரிடம், சாவி எங்கே. ஆறு மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்து, இரண்டு மணி நேரத்துக்கு முன் தண்ணீரை நிறுத்து. அறுவை அறைக்குப் படுக்கையில் வேண்டாம், நடந்தே போவேன்; கூரை விளக்கை இன்னொரு தடவை பார்க்க மாட்டேன். ஊசி பிடிக்காவிட்டால், மாஸ்க் போடுவதற்கு முன் என் முகத்தைப் பார்த்து ஒருவர் சொல்ல வேண்டும். மொத்தம் முப்பத்தொரு வரி.

டாக்டரம்மா பேனாவை வைத்துக்கொண்டு முழுசாகப் படித்தார். சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை. "ஒவ்வொரு அடுக்குத் தையலையும் டாக்டர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்" என்ற வரியை மட்டும் அடித்தார். "தைக்கும்போது நான் பேச மாட்டேன்மா. என் வேலை கெட்டுடும். உங்க வீட்டுக்காரர் தலைமாட்டுல உக்காரலாம். மயக்க டாக்டர் அவருக்கு மெதுவா எடுத்துக் கொடுப்பார், அவர் உங்களுக்குச் சொல்லட்டும்."

ஆக, சொல்பவர்: கண்ணாடிக்காரர். ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லை பாருங்கள்! ஊமைக்கு ரேடியோ ஸ்டேஷனில் வேலை கொடுத்த கதைதான்.

அவரும் ம் என்று தலையை ஆட்டிவிட்டார். லிஃப்டக்கா விடுவாளா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒத்திகை. சோபாவில் அவள் மல்லாந்து படுத்துக்கொண்டாள். வயிற்றுக்கு மேலே போர்வையைத் திரையாகக் கட்டினார்கள். டாக்டர் வாலு, கையில் கரண்டி. கண்ணாடிக்காரர் தலைமாட்டில் ஸ்டூல் போட்டுத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, கடையில் எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்வாரே, அதே குரலில் வாசித்தார். "இப்ப தோலை வெட்டறாங்க. இப்ப அழுத்தறாங்க. உன் உடம்பு ஆடும்."

"கொஞ்சம் உயிரோட சொல்லுங்களேன். பஸ் வர்ற நேரம் வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

"அப்பா, நான் பாப்பாவை எடுத்துட்டேன்! இன்னொண்ணும் இருக்கு!" என்று வாலு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தலையணையை இழுத்தாள்.

அதற்கடுத்த வரி, ஊசி பிடிக்காவிட்டால். அவர் அந்த வரியில் வந்து நின்றார். தாளை மடித்து ஸ்டூலில் வைத்தார். "கடைக்கு யாராவது வந்திருப்பாங்க, பாத்துட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை ஏது? சோம்பேறி மனுஷர், ஒரு தாள் வாசிக்க உடம்பு வணங்கவில்லை என்று லிஃப்டக்கா முணுமுணுத்துக்கொண்டே போர்வையை மடித்து வைத்தாள்.

குறித்த நாளும் வந்தது. வலி முன்னாலேயே வரவில்லை, வண்டி மக்கர் பண்ணவில்லை. வாலுவை நாத்தனார் வந்து பார்த்துக்கொண்டாள். என்ன இருந்தாலும் மனசு தங்கம். காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரி. மூன்றாம் மாடிக்கு லிஃப்டில் போகும்போது, அது தரைக்கு ஒரு விரல் தாழ்ந்து நின்றதைப் பார்த்து, "பிரேக் தேஞ்சிருக்கு, ஒருத்தன் பாக்கலையா?" என்று கோபம் வந்துவிட்டது அவளுக்கு. கூட வந்த சிஸ்டர், "அக்கா, முதல்ல நம்ம வேலை முடியட்டும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அறுவை அறைக்கு நடந்தே போனாள். வலது காலை உள்ளே வைத்ததும் அவள் கண் எல்லாவற்றையும் மேய்ந்தது. அந்த விளக்கு எப்படித் திரும்புகிறது, மேசை எந்தப் பெடலில் சாய்கிறது, அதோ கொக்கியில் தொங்குகிற மாஸ்க். மாஸ்கைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மயக்க டாக்டர் வாட்டசாட்டமான ஆள், ஆனால் குரல் பூ மாதிரி. அவர் அவளை மேசையில் உட்கார வைத்து முதுகை வளைக்கச் சொன்னார். முதல் ஊசி இடம் கிடைக்காமல் வெளியே வந்தது. இரண்டாவது போயிற்று. படுக்க வைத்தார்கள். காலில் இதமாகச் சூடு ஏறியது. ஜில்லென்று ஒரு ஸ்பிரேயை வைத்து வயிற்றில் அடித்து அடித்துக் கேட்டார்.

"இங்க ஜில்லுன்னு இருக்கா?"

"இல்லை."

"இந்தப் பக்கம்?"

"இருக்கு. நல்லாவே இருக்கு."

வலது பக்கம் மரத்துவிட்டது. இடது பக்கம் விழித்திருந்தது. மயக்க டாக்டர் மேசையை இடது பக்கமாகச் சாய்த்தார். "அஞ்சு நிமிஷம் பார்ப்போம்மா. இல்லைன்னா..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவளுக்கா தெரியாது அந்த இல்லைன்னா? நாலாவது கட்டம் எழுதினவளே அவள்தானே. அந்த ஐந்து நிமிஷம் அவள் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. மறுபடி ஸ்பிரே.

"இப்ப?"

"தெரியலை. டாக்டர், ஒண்ணுமே தெரியலை!" என்று சந்தோஷத்தில் கத்தியே விட்டாள்.

திரை கட்டினார்கள். கண்ணாடிக்காரரை உள்ளே அழைத்து வந்து தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். நீலத் தொப்பி, நீல மாஸ்க், நடுவில் அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் ஆவி படிந்து தெரிந்தது. கையில் தாள். டாக்டரம்மா திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "ஆரம்பிக்கிறோம்மா" என்றார். மயக்க டாக்டர் குனிந்து கண்ணாடிக்காரரின் காதில் ஏதோ சொன்னார்.

லிஃப்டக்கா காத்திருந்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை.

"ஏங்க, சொல்லுங்க."

மூச்சு இல்லை.

"என்னங்க, வாசிக்க வேண்டியதுதானே? முப்பத்தொரு வரி எழுதிக் கொடுத்திருக்கேனே!" அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த ஒரு வேலை, இந்த ஒரே ஒரு வேலை, அதற்கும் வாய் திறக்க மாட்டாரா? தலையை அப்படியே பின்னால் சாய்த்து அவரைப் பார்த்தாள். அவர் தாளைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. கொக்கியில் தொங்குகிற அந்த மாஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலச் சட்டை தெப்பலாக நனைந்திருந்தது.

அந்தச் சட்டையைப் பார்த்ததும் அவளுக்குச் சுரீர் என்றது. வலது பக்க லிஃப்ட்! மூலையில் உட்கார்ந்திருந்த ஆள். அதோடு, அவள் நோட்டில் எழுதாமல் விட்ட கடைசி வரியும் இப்போது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. 7.31, குழந்தை. 8.20, உறவினருக்குத் தகவல். உறவினர் என்றால் யார்? மூடின கதவுக்கு வெளியே அத்தனை நேரம் நின்ற மனுஷரிடம் யார் போய்ப் பேசினார்கள்? நாலு வருஷமாகத் தான் உள்ளே மாட்டினதையே பேசிக்கொண்டிருந்தாளே. அவர் பக்கமிருந்து சத்தம் வரவில்லை என்று காலி என்றே நினைத்துவிட்டாளே. முப்பத்தொரு வரியில் அவருக்கென்று ஒரு வரி இல்லை. அட கடவுளே, அதே தப்பை மறுபடியும் பண்ணிவிட்டாளே!

அவள் கையை மேலே நீட்டி, கைக்கு எட்டின இடத்தில், அவர் முழங்கையில், இரண்டு தட்டு தட்டினாள்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். பதினோரு வருஷமாகக் கதவுகளுக்கு வெளியே நின்று பேசின அதே குரல். "முழிச்சிட்டுத்தான் இருக்கேன். அந்த மாஸ்க் எனக்கு வேண்டாம், ஊசி பிடிச்சிடுச்சு. இப்ப தோலை வெட்டியிருப்பாங்க. அடுத்து ஒவ்வொரு அடுக்கா விலக்குவாங்க. என் உடம்பு கொஞ்சம் ஆடும். அவங்கதான் ஆட்டறாங்க, எனக்கு வலிக்கலை. சளசளன்னு ஒரு சத்தம் வரும், அது பனிக்குடத் தண்ணியை உறிஞ்சற சத்தம். பயப்படாதீங்க."

"தண்ணிக்கு இன்னும் வரலைம்மா. ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து டாக்டரம்மா. தைக்கும்போது பேச மாட்டேன் என்றவர்தான்; வெட்டும்போது பேசினால் பரவாயில்லை போலும்.

"சரி, இன்னும் வரலையாம். ரெண்டு நிமிஷம் இருக்கு" என்று அவள் அவருக்குச் சொன்னாள்.

அப்போதுதான் அவருடைய கண் மாஸ்கை விட்டு இறங்கி அவள் முகத்துக்கு வந்தது.

"மறக்கலைம்மா" என்றார்.

"தெரியும். சொல்லுங்க."

"அன்னிக்குக் கதவு மூடிடுச்சு. சிஸ்டர் ஒருத்தங்க ரத்தப் பையைத் தூக்கிட்டு உள்ளே ஓடினாங்க. யாருக்குன்னு கேட்டேன், நின்னு சொல்லலை. அப்புறம் குழந்தை அழுதுச்சு. கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு." அவர் நிறுத்தினார். மூக்குக்கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கி மாஸ்கில் ஊறியது. "அதுக்கப்புறம் யாருமே வரலை. சரி, குழந்தை மட்டும்தான்னு நினைச்சுட்டேன். அந்த அழுகையைக் கேட்டு, நீ போயிட்டேன்னு நினைச்சுட்டேன். நீ வந்து வந்து அது எப்படி இருந்துச்சுன்னு கேப்ப. நான் என்னத்தைச் சொல்ல?"

அவள் காது நாலு வருஷமாக ஏங்கின சத்தம், அதே சத்தத்தைக் கேட்டுத்தான் இந்த மனுஷர் இடிந்து போயிருக்கிறார். அதையும் வைத்துக்கொண்டு, தினம் கடையைத் திறந்து, இதுவா அதுவா என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப தண்ணி வரும்மா" என்றார் டாக்டரம்மா. சளசளவென்று சத்தம் வந்தது. மேசையோடு சேர்ந்து அவள் உடம்பு ஆடியது. பைக்குள் கை விட்டு யாரோ சாவி தேடுகிற மாதிரி ஒரு இழுப்பு.

"கேளுங்க" என்றாள் அவசரமாக. "இப்ப குழந்தை அழும். அழுதா, அது குழந்தை அழற சத்தம், அவ்வளவுதான். நான் இங்கயே இருக்கேன். என்னையே பாருங்க. என்னையே பாத்துட்டு இருங்க."

அழுதது. முதலில் ஒரு தும்மல் மாதிரி, அப்புறம் தொண்டையைத் திறந்து, அறையே அதிர்கிற மாதிரி. லிஃப்டக்கா நாலு வருஷம் காத்திருந்த அழுகை. அது வந்தபோது அவள் திரையைப் பார்க்கவில்லை; கண்ணாடிக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு" என்றார். "நீ இருக்க."

"இருக்கேன்."

பையன். துணி சுற்றி அவள் நெஞ்சில் கொண்டுவந்து வைத்தார்கள். சூடாக, ஈரமாக, கோபமாக இருந்தான். அந்தப் பக்கம் டாக்டரம்மா வாயைத் திறக்காமல் தைத்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் கண்ணாடிக்காரர் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அன்றைக்கு வெளியே எந்த நாற்காலி, சுவரில் என்ன நிறம், எட்டு இருபதுக்கு வந்து சொன்ன சிஸ்டரின் கையை எப்படிப் பிடித்துக்கொண்டார், எல்லாம். முப்பத்தைந்து நிமிஷம். கல்யாணமானதிலிருந்து அவர் பேசினதெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. மயக்க டாக்டர் மெஷினைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே கொண்டுவந்து படுக்க வைத்ததும், சிஸ்டர் அட்டையில் தாளை மாட்டிக்கொண்டு வந்தாள். "பிறந்த நேரம், ஒன்பது பதினாலு" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். "தையல் முடிஞ்சது, ஒன்பது அம்பது. உறவினருக்குத் தகவல்..." என்று பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

லிஃப்டக்கா வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக்காரரே முந்திக்கொண்டார்.

"ஒன்பது பதினாலு" என்றார். "போட்டுக்குங்க."